கிண்ணியாப் பாலத்தில் ஆடிய ஜிம்னி: முன் அச்சுத் தேய்வும் இரண்டு முறை செய்த திருத்தமும்

திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு ஒரே பழுதுக்காக இரண்டு முறை வந்த வாகனத்தின் பதிவு இது. முதல் முறை நாங்கள் பார்த்தது போதவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். திண்ம முன் அச்சுள்ள, அதாவது இரண்டு முன் சில்லுகளும் ஒரே இரும்பு அச்சின் முனைகளில் இருக்கிற, ஜீப் வகை வாகனங்களைத் திருத்துகிற எவரும் இதே இடத்தில் தவறக்கூடும். தவறினால் போவது உயிராகவும் இருக்கலாம்.

## வாகனமும் அதன் உழைப்பும்

சுசுகி ஜிம்னி, 1998இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை, 1,328 சிசி பெற்றோல் எஞ்சின். உரிமையாளர் ஈச்சிலம்பற்றுக் கரையில் கரைவலை வாடி, அதாவது கரையிலிருந்து பெருவலை இழுத்து மீன்பிடிப்பவர்களின் தங்குமிடம், நடத்துபவர். நகரிலிருந்து கிண்ணியா, மூதூர் வழியாக வாடிக்கு ஐஸ், கயிறு, அரிசி, ஆட்கள் என்று ஏற்றிப் போவார். திரும்பும்போது மீன் வரும். கரைவலைக் காலத்தில் கிழமைக்கு நான்கைந்து தடவை இந்தப் பயணம் உண்டு.

பாதையின் கடைசிப் பகுதி மணல். மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைப்பார், தார் வீதிக்கு ஏறியதும் நிரப்புவார். வலை இழுக்கிற இடத்தை நெருங்குவதற்காக அலை வந்து போகும் ஈர மணலிலும் ஓட்டுவார். முன் அச்சில் உப்புத் தண்ணீர் படாத கிழமை இல்லை. வீட்டில் கழுவும்போது மேற்பக்கம் பளபளக்கும். அடிப்பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் போவதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சுருள்வில்களை மாற்றி வாகனத்தை 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறார். 205/70ஆர்15 டயருக்குப் பதிலாக 215/75ஆர்15 போட்டிருக்கிறார். இதனால் டயரின் விட்டம் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் கூடுகிறது. வேகமானி காட்டுவதைவிட வாகனம் நூற்றுக்கு 5 பங்கு வேகமாக ஓடுகிறது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் இவரைப் போன்றவர்கள் கையில் இருந்த வாகனத்தை வைத்தே உழைத்தார்கள். ஆகவே இந்த வண்டியின் தேய்வைத் தயாரிப்புக் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உப்பும் மணலும் காலமும் சேர்ந்து செய்த வேலை.

## பாலத்தில் நடந்தது

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஆவணி மாதக் காலை. உரிமையாளர் தாயாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நகருக்கு வந்துகொண்டிருந்தார். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது, 2009இல் திறக்கப்பட்டது. பாலத்தின் ஒரு இணைப்புப் பட்டியைச் சில்லுகள் கடந்தபோது வேகமானி 70ஐக் காட்டியதாகச் சொன்னார். அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் உதறத் தொடங்கியது. யாரோ மறுமுனையைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது என்றார். பயத்தில் பிரேக்கை அழுத்தினார். ஆட்டம் கூடியது. வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போனபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியவர் ஓரம் ஒதுங்கியதால் தப்பினார். வேகம் 30க்குக் கீழே வந்ததும் ஆட்டம் தானாக நின்றது.

இது திடீரென்று வந்த பழுதல்ல. இரண்டு மாதங்களுக்கு முன்னரே 60ஐ நெருங்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் இருந்தது. வேறோர் இடத்தில் காட்டினார். ஸ்டியரிங்கின் உதறலை உறிஞ்சும் டம்பர் ஒன்றைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று கிழமை அமைதி. திரும்ப வந்தது. சில்லுகளின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி பலன்ஸ் செய்தார்கள். ஒரு கிழமை அமைதி. பிறகுதான் பாலம்.

வண்டியை 40க்கு மேல் போகாமல் கராஜுக்குக் கொண்டுவந்தார். தாயார் பேருந்தில் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாகனத்தில் இனி ஏறமாட்டேன் என்றாராம்.

## இந்த ஆட்டம் எப்படிப் பிறக்கிறது

திண்ம முன் அச்சில் இரண்டு சில்லுகளையும் டை ரொட் என்ற ஒரே தண்டு இணைக்கிறது. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்ப வேண்டும். ஸ்டியரிங் பொக்ஸின் கையிலிருந்து டிராக் லிங்க் என்ற இன்னொரு தண்டு போய்ச் சில்லைத் திருப்புகிறது. இந்த இரண்டு தண்டுகளின் முனைகளிலும் சேர்த்து, போல் ஜொயின்ட் என்ற குமிழ் மூட்டுகள் நான்கு. அச்சு இடம் வலமாக நகராமல் பனாட் ரொட் பிடித்துக்கொள்கிறது. அதன் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் புஷ் என்ற இறப்பர் உறை வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். சில்லைத் தாங்கும் நக்கிள், மேலும் கீழும் உள்ள கிங் பின் பேரிங்குகளில் திரும்புகிறது. இந்தப் பேரிங்குகளை ஓரளவு இறுக்கத்துடன்தான் பூட்ட வேண்டும். அந்த இறுக்கம்தான் சில்லின் சிறு உதறலை அடக்குகிறது.

70 கிலோமீற்றர் வேகத்தில் இந்த அளவுச் சில்லு நொடிக்கு 9 தடவை அளவில் சுற்றுகிறது. பலன்ஸ் சரியில்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு கொடுக்கும். இறுக்கமான முன் அச்சு அந்தத் தட்டை ஒன்றிரண்டு அசைவுகளில் விழுங்கிவிடும். எங்கோ ஓரிடத்தில் இடைவெளி விழுந்துவிட்டால், சில்லு கொஞ்சத் தூரம் தன்போக்கில் போய்விட்டுத் திரும்பி வரும். அது திரும்பி வரும் நேரமும் அடுத்த தட்டு விழும் நேரமும் பொருந்திப்போனால் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போலாகிவிடுகிறது. ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேர்கிறது.

ஆகவே ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும்: தூண்டுகிறவரும் இடம் கொடுக்கிறவரும். டயர், காற்று அழுத்தம், பாலத்தின் இணைப்புப் பட்டி எல்லாம் தூண்டுகிறவை. தேய்ந்த மூட்டுகள் இடம் கொடுப்பவை. பலன்ஸ் செய்தால் தூண்டல் குறையும். டம்பர் ஆட்டத்தைத் தன் வலு உள்ளவரை உறிஞ்சும். இரண்டுமே இடைவெளியை அடைப்பதில்லை. முதல் வேலையாகப் புதிய டம்பர் போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். வலி தெரியாமல் ஊசி போட்டு முறிந்த காலால் நடக்கவிடுவதற்கு ஒப்பானது அது. அந்த மூன்று கிழமைகளில் உரிமையாளர் பழுது தீர்ந்தது என்று நம்பி ஓடியிருக்கிறார். பேரிங் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

## முதல் வருகை

டயர்களில் 32 பவுண்ட் காற்று இருந்தது. எண்ணெய் மிச்சமாகும் என்று கூட்டி அடைத்திருக்கிறார். இவ்வளவு எடை குறைந்த வாகனத்துக்கு அது மிக அதிகம். இடது முன் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. பலன்ஸ் கெட இதுவே போதும். டிராக் லிங்க்கின் ஒரு போல் ஜொயின்ட் கையால் அசைத்தாலே மேலும் கீழும் துள்ளியது. பனாட் ரொட்டின் அச்சுப்பக்கப் புஷ் வெடித்திருந்தது.

ஜாக்கியில் தூக்கி இரண்டு சில்லுகளையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். வலது அசையவில்லை. இடதில் மிகச் சிறிய அசைவு. இந்த வயது வாகனத்தில் இதெல்லாம் இருக்கும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என்னுடையது.

டிராக் லிங்க்கின் இரண்டு போல் ஜொயின்ட்களையும் மாற்றினோம். பனாட் ரொட்டுக்குப் புதிய புஷ் போட்டோம். பழைய போல்டை உருவியபோது எங்களிடம் வேலை பழகும் இளைஞர், “அண்ணா, ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருக்கிறது” என்றார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புதிய போல்டை நன்றாக இறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலைக்குள் வண்டி வேண்டும் என்று உரிமையாளர் கேட்டிருந்தார். கிங் பின் பேரிங் திருகோணமலையில் உடனே கிடைக்காது என்பதும் என் மனதின் ஓரத்தில் இருந்தது. கிடைக்காத பொருள் தேவைப்படாது என்று நினைப்பது எவ்வளவு எளிது என்பதை இந்த வேலையில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

முன் சில்லுகளின் முன்விளிம்பு உள்நோக்கியிருக்கும் அளவான டோ-இன்னைச் சரிசெய்து, காற்றைக் குறைத்து, ரிம்மைச் சுத்தம் செய்து நிலாவெளி வீதியில் ஓட்டிப் பார்த்தேன். 75 வரை எந்த ஆட்டமும் இல்லை. கொடுத்து அனுப்பினோம்.

## பதினொரு நாள் கழித்து

பதினொராம் நாள் தொலைபேசி வந்தது. மூதூருக்கு இந்தப் பக்கம், 65இல், வீதியில் ஒரு சிறு பள்ளம். திரும்பவும் அதே ஆட்டம். இம்முறை வாகனத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். நாங்கள் முன்னர் சொல்லிக் கொடுத்தபடி பிரேக்கை மிதிக்காமல், வேகமிதியிலிருந்து காலை எடுத்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி வேகம் இறங்கும்வரை காத்திருந்திருக்கிறார். வண்டி வீதியை விட்டு விலகவில்லை. முதல் வருகையில் நாங்கள் செய்தவற்றுள் முழுப் பயன் தந்தது அந்த அறிவுரை ஒன்றுதான்.

வண்டியை ஓட்டிவர வேண்டாம் என்று சொல்லி, லொறியில் ஏற்றி வரச் செய்தேன்.

## இரண்டாவது பரிசோதனை

இந்த முறை ஜாக்கியைத் தொடவில்லை. நான்கு சில்லுகளும் தரையில், வாகனத்தின் முழு எடையும் மூட்டுகளின் மேல். பின் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை, கைப்பிரேக், கியர் நடுநிலை, எஞ்சின் ஓட்டத்தில். நான் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறு சிறு வீச்சாக, சற்று வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தார். சில்லு தூக்கியிருக்கும்போது தெரியாத இடைவெளி இப்படி எடை தாங்கும்போது விரலுக்குத் தெரியும். மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அங்கே தேய்வு.

புதிய போல் ஜொயின்ட்கள் அசையவில்லை. டை ரொட்டின் முனைகளும் நன்றாக இருந்தன. பனாட் ரொட்டுக்கு வந்ததும் இளைஞர் கையை எடுத்துவிட்டு என்னைக் கீழே வந்து பார்க்கச் சொன்னார். இடம் மாறிக்கொண்டோம். அச்சில் பனாட் ரொட்டைத் தாங்கும் இரும்புப் பிடியில் போல்ட் ஓட்டைக்குள் இடமும் வலமும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வாகனத்தின் உடல் நகர்ந்தது. அச்சு அதன் பின்னால் வந்தது. பதினொரு நாள் முன்பு போட்ட புஷ்ஷின் விளிம்பு அதற்குள் நசுங்கியிருந்தது. பிடியைச் சுற்றிச் செம்பொடி. துருவும் உராய்வும் சேர்ந்து உதிர்க்கும் பொடி அது. எங்கே அதைக் கண்டாலும் அங்கே இரும்பு இரும்போடு தேய்கிறது என்று பொருள். அவர் முதல் நாளே சொன்னது இதைத்தான்.

பிறகு ஜாக்கி. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது இடதில் முன்போலவே சிறு அசைவு. இப்போது ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அசைவு சில்லு பேரிங்கிலிருந்து வந்தால், பிரேக் அழுத்தும்போது மறைந்துவிடும். டிஸ்க்கைப் பிரேக் நக்கிளோடு சேர்த்துப் பிடித்துவிடுகிறது. கிங் பின்னிலிருந்து வந்தால் மறையாது. மறையவில்லை.

டிராக் லிங்க்கையும் டை ரொட்டையும் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். நேர்நிலைக்கு வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுவது போலத் தட்டுப்பட்டது. வாகனம் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. பல ஆண்டு அதிர்ச்சியெல்லாம் பேரிங்கின் ஒரே இடத்தில் விழுந்து, உருளைகள் அங்கே தடம் பதித்துவிடுகின்றன. தண்ணீர் புகாமல் நக்கிளை மூடும் சீல் என்ற அடைப்பைக் கழற்றியபோது கிறீஸ் சாம்பல் நிறக் கூழாக வழிந்தது. தண்ணீர் புகுந்த கிறீஸ். கீழ்ப் பேரிங்கில் துரு.

நக்கிள் திரும்பத் தேவையான இழுவிசையை அளக்க எங்களிடம் சிறு தராசு இல்லை. உரிமையாளர் தன் மீன் நிறுக்கும் மின் கைத்தராசைக் கொண்டுவந்தார். டை ரொட் பூட்டும் ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுத்தோம். சீல் இல்லாத நிலையில் 1.0 முதல் 1.8 கிலோ வரை இருக்க வேண்டும் என்பது கைநூலின் அளவு. இடதில் 0.3 கிலோ. வலதில் 0.6 கிலோ.

முதல் முறை நான் ஏமாந்ததற்கு இங்கே விளக்கம் கிடைத்தது. உப்பும் மண்ணும் இறுகிய சீல் நக்கிளை வெளியிலிருந்து கவ்விப் பிடித்திருந்தது. கையால் ஆட்டியபோது நான் உணர்ந்த இறுக்கம் பேரிங்கினுடையது அல்ல, அழுக்கினுடையது.

## எடுத்த முடிவுகள்

எல்லா வேலையும் முடியும்வரை வாகனத்தைக் கொடுப்பதில்லை என்பது முதல் முடிவு. கரைவலைக் காலத்தின் கடைசி நாட்கள். உரிமையாளருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். அவர் கோபப்பட்டார், அதில் நியாயம் இருந்தது. 40க்கு மேல் ஓட்டமாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பவர்தான். ஆனால் அவசரத்துக்கு வாகனத்தை எடுக்கும் மருமகனுக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. உறவினரின் பிக்அப் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டார்.

இரண்டாவது, கிங் பின் பேரிங்குகள் நான்கையும் மாற்றுவது. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று தோன்றியது. ஆனால் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், டை ரொட் வழியாகத் தளர்வு இரண்டு சில்லுகளுக்கும் பொதுவாகிவிடும்.

மூன்றாவது, நீண்டுபோன ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடுவதில்லை. அப்படிச் செய்தால் புஷ்ஷின் உட்குழாயையும் குடைய வேண்டும். அடுத்த தடவை மாற்றுகிறவருக்குச் சரியான பொருள் எதுவும் பொருந்தாது. போல்டின் அளவுக்கே துளையிட்ட தடித்த இரும்பு வட்டங்களைப் பிடியின் இரண்டு பக்கமும் பற்றவைப்பது என்று தீர்மானித்தோம்.

நான்காவது, 2 அங்குல உயரத்தை இப்போதைக்கு அப்படியே விடுவது. இதில் கராஜுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. வாகனத்தை உயர்த்தும்போது அச்சு முன்பக்கமாகச் சற்றுச் சுழன்று, நக்கிள் திரும்பும் கோட்டின் பின்சாய்வான கஸ்டர் கோணம் குறைகிறது. அளந்தபோது பூச்சியத்துக்கு அருகில் இருந்தது. ஆட்டத்துக்கு அதுதான் காரணம் என்று ஒருவர் வாதிட்டார். கஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி அலையும். ஆனால் இப்படி உதறும் ஆட்டத்துக்குத் தளர்வுதான் முதற்காரணம் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் யார் சொன்னது சரி என்று தெரியாமலே போய்விடும். ஆகவே தளர்வை முதலில் அடைப்போம், உயரத்தைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

## வேலை

பேரிங்குகளும் சீல்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தன. முதலில் வந்த பெட்டியில் பேரிங் விளிம்பில் எந்தக் குறியும் பொறிக்கப்படவில்லை. கையில் சுழற்றினால் கரகரத்தது. திருப்பி அனுப்பினோம். இரண்டு நாள் வீணானது. உரிமையாளரிடம் அந்தப் பேரிங்கைக் கொடுத்து அவர் கையாலேயே சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு தாமதத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

பிடியைப் பற்றவைக்குமுன் பற்றரியைக் கழற்றினோம். வெல்டிங்கின் எர்த் கிளிப்பை பிடிக்கு மிக அருகில் மாட்டினோம். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும். இரும்பு வட்டங்களை இடத்தில் வைப்பதற்குப் போல்டையே அச்சாகப் பயன்படுத்தினோம். துருவையும் வண்ணத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை நீக்கிய பிறகே பற்றவைத்தோம். குளிர்ந்தபின் போல்ட் கையால் தள்ளினால் மட்டும் புகும் இறுக்கத்தில் இருந்தது.

கிங் பின்னில்தான் நேரம் போனது. புதிய பேரிங்குகளைப் பழைய ஷிம்களோடு, அதாவது இறுக்கத்தைச் சரிசெய்ய இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளோடு, பூட்டியபோது இடதில் 0.7 கிலோ. ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்தோம், 1.9 ஆகிவிட்டது. அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் விரைவில் சாகும். எடுத்ததைவிட மெல்லியதைத் திரும்ப வைத்தோம். 1.4இல் நின்றது. வலதில் 1.3. ஒவ்வொரு தடவையும் நக்கிளைப் பத்துத் தடவை முழுவதும் திருப்பிப் பேரிங்கை அமரவைத்த பிறகே அளந்தோம். இல்லாவிட்டால் தராசு பொய் சொல்லும்.

பனாட் ரொட்டின் போல்ட்களை வாகனம் தரையில் நிற்கும்போது இறுக்கினோம். முதல் முறை ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருந்தோம். அப்படிச் செய்தால் வாகனம் கீழே இறங்கியதும் புஷ்ஷின் இறப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஓட ஓட அறுந்துவிடும். இறுக்கியது டோர்க் ரெஞ்ச்சால், கைநூலின் அளவுக்கு.

இடது முன் டயரின் மேற்பரப்பில் ஒரு சிறு புடைப்பு இருந்தது. உள் இழை விட்டுப்போன டயர். முன் இரண்டையும் மாற்றி பலன்ஸ் செய்தோம்.

## ஓட்டிப் பார்த்தது

டம்பரைக் கழற்றிவிட்டுத்தான் முதலில் ஓட்டினேன். அது இருந்தால் எஞ்சிய தளர்வை மூடிவிடும். விடியற்காலையில், ஆளரவம் இல்லாத நேரத்தில், நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் நேரான வீதியில் 40, 50, 60 என்று படிப்படியாக ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் வீதியின் ஒட்டுப்போட்ட பகுதி மேல் வேண்டுமென்றே ஓட்டினேன். ஸ்டியரிங் ஒரு தடவை அசைந்து அடங்கியது. டம்பர் இல்லாமல் 60க்கு மேல் நான் போகவில்லை. வேறு யாரும் போகவும் கூடாது. டம்பரைப் பூட்டியபின் 70, 80. ஆட்டம் இல்லை.

அடுத்த நாள் உரிமையாளரைப் பக்கத்தில் அமர்த்திக் கிண்ணியாப் பாலத்தை இரண்டு பக்கமும் கடந்தேன். இணைப்புப் பட்டி வந்தபோது அவர் கை முன்னே இருந்த கைப்பிடியைப் பற்றியது. சில்லு தட்டியது; அவ்வளவுதான். திரும்பும்போது அவரையே ஓட்டச் சொன்னேன்.

500 கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் திரும்பப் பார்த்தோம். பனாட் ரொட்டின் பிடி அசையவில்லை, செம்பொடி இல்லை. வாடைக்கால மழை முடிந்து தையில் வந்தபோது பிரேக் அழுத்திச் சில்லை ஆட்டிப் பார்த்தோம். அசைவில்லை. சீலின் விளிம்பில் புதுக் கிறீஸ் அதன் நிறத்திலேயே இருந்தது. இப்போது அவர் வாடியிலிருந்து திரும்பும் அன்றே அச்சின் அடியில் நல்ல தண்ணீர் பாய்ச்சுகிறார்.

அதே தையில் உயரத்தையும் எடுத்தோம். மணலில் ஓட உயரத்தைவிடக் காற்றுக் குறைத்த டயர்தான் உதவுகிறது என்று அவரே சொன்னார். பழைய சுருள்வில்களும் வீட்டில் இருந்தன. ஐந்து மாதம் அதே கஸ்டருடன் ஓடியும் ஆட்டம் வராததால், ஆட்டத்தின் காரணம் தளர்வுதான் என்பது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் உயரம் இறங்கியதும் ஸ்டியரிங் திருப்பத்திலிருந்து தானாக நேருக்கு வரத் தொடங்கியது. அந்த வகையில் என்னோடு வாதிட்டவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

## எங்கள் வேலையில் மாறியவை

திண்ம அச்சுள்ள எந்த வாகனமும் ஸ்டியரிங் ஆட்டம் என்று வந்தால், ஜாக்கிக்கு முன்னர் தரையில் எடையோடு மூட்டுகளைப் பார்க்கிறோம். போல்டை உருவினால் ஓட்டையையும் அளக்கிறோம். கிங் பின்னைக் கையுணர்வால் தீர்ப்புச் சொல்வதில்லை. சீலைக் கழற்றித் தராசில் இழுக்கிறோம். அதற்கென்று ஒரு கைத்தராசு வாங்கியிருக்கிறோம். பாகம் கிடைக்காத நிலையில் வாகனத்தைக் கேட்பவரிடம், எது முடிந்தது, எது முடியவில்லை என்று எழுதிக் கையில் கொடுக்கிறோம். இந்த வாகனத்துக்கு முதல் நாளில் அப்படி ஒரு தாள் எழுதியிருந்தால், ‘கிங் பின்: சிறு அசைவு’ என்ற வரியை எழுதும்போதே என் கை நின்றிருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கீழே படுத்துப் பார்ப்பவர் கண்டதை அவர் கைப்படவே எழுத வேண்டும். மேலே நிற்பவர் அதைப் படித்துக் கையொப்பம் இட்ட பிறகே பாகங்கள் பூட்டப்படும். ஜிம்னியின் பக்கத்தில் முதல் வரி அந்த இளைஞருடையது. இரண்டாவது வருகையின்போது, நடந்ததைப் பின்னோக்கி எழுதச் சொன்னேன். ‘பனாட் ரொட், அச்சுப்பக்கம், ஓட்டை நீண்டிருக்கிறது’ என்று எழுதி, முதல் வருகையின் திகதியைப் போட்டிருக்கிறார்.